பெயர் சொல்லாத பாடம்

செய்தி வந்தபோது நான் ஏலக்காய்க் கிட்டங்கியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். பச்சை மாறாத காயை ஒரு பக்கமும், வெளுத்ததையும் வெடித்ததையும் இன்னொரு பக்கமும் ஒதுக்குகிற வேலை எங்களுக்கு. கை ஓடிக்கொண்டிருந்தால் வாய் ஓடுவதை யாரும் கேட்பதில்லை; அதனால் அங்கே பேச்சு ஓயாது. மலையடிவாரக் குரங்கணியிலிருந்து தலைச்சுமை கொண்டுவந்த ஒரு பெண் சும்மாட்டை உதறிக்கொண்டே, "ஏத்தா, சின்ன வாத்திச்சி போயிருச்சு, கேட்டீகளா?" என்றாள். எந்த வாத்திச்சி என்று யாரோ கேட்டார்கள். "அதான், பொதிமாட்டுக்காரரு மக சீனி. விடியக்காலம் வண்டியில கொண்டாந்துட்டாக" என்றாள். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடந்தேன்.

சீனியம்மாளுக்குப் பதினெட்டு வயது முடியவில்லை. நம் பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு டீச்சரம்மா என்னிடம் வந்து, பள்ளியில் எல்லோரும் கூடும்போது அவளைப் பற்றி நீதான் பேச வேண்டும் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் பேச மாட்டேன் என்பது அவருக்குத் தெரியாததல்ல. "பேச வேண்டாம். எழுதிக் கொடு, நான் படிக்கிறேன்" என்றார். அதனால் எழுதுகிறேன். அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்து படித்தவர்களுக்கும், தங்கள் பிள்ளைகளை அவளிடம் அனுப்பிய தாய்மார்களுக்கும் இது.

நாங்கள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவள்தான் சட்டாம்பிள்ளை. எங்களைவிட இரண்டு வயது மூத்தவள். தாமதமாகப் பள்ளிக்கு வந்தவள். அந்த வருஷம் மழைக்காலத் தவணை முழுவதும் இயற்கைப் பாடம் நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. மதுரையிலிருந்து மாட்டுவண்டியில் மிருகங்களின் படங்கள் ஒரு கட்டு வந்து சேர்ந்தன. டீச்சரம்மா அப்போதுதான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நம் ஊருக்கு வந்திருந்தார். முதல் நாள் மாட்டின் படத்தைச் சுவரில் மாட்டி, மாட்டுக்கு எத்தனை கால் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. சீனியம்மாள் எழுந்து, "எங்க வீட்டுல நிச மாடே நிக்குது டீச்சரம்மா. ஓட்டியாரவா?" என்றாள். டீச்சரம்மா சரி என்றது விளையாட்டுக்குத்தான். அவள் போய் ஓட்டிக்கொண்டே வந்துவிட்டாள்.

அவள் அப்பாவின் பொதிமாடுகளில் கிழடானது அது. பல வருஷம் மலைக்கு அரிசியும் உப்பும் ஏற்றிப் போய் ஏலக்காய் இறக்கி வந்த மாடு. பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. கொம்பு, குளம்பு, அசைபோடுகிற வாய், முதுகில் பொதி உராய்ந்து காய்த்த தழும்பு என்று எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். படத்தை மாட்டி நடத்திய பாடத்தைவிட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாடம் முடிந்த பிறகு மாடு நகரவில்லை. இழுத்தோம், தள்ளினோம், வாலை முறுக்கினோம். டீச்சரம்மாவுக்கு வியர்த்துவிட்டது. சீனியம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எங்கள் சிலேட்டுகளை எல்லாம் ஒரு சாக்கில் போட்டு அதன் முதுகில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினோம். பிறகு இறக்கச் சொன்னாள். இறக்கினோம். மாடு தலையை ஆட்டிவிட்டுத் தானாக வீட்டைப் பார்த்து நடந்தது. வாசலில் வந்து நின்றால் சுமை இறங்காமல் போகக் கூடாது என்பதுதான் அது படித்த பாடம். "நம்மள விட ஒழுங்காப் படிச்சிருக்கு" என்றாள் சீனியம்மாள்.

அதற்குப் பிறகு டீச்சரம்மா படங்களைக் கட்டி வைத்துவிட்டு, ஆளுக்கொரு உயிரைப் பார்த்துவந்து சொல்லும்படி எங்களை விட்டார். ஒருத்திக்கு எறும்பு, ஒருத்திக்குத் தூக்கணாங்குருவி, எனக்கு ஓணான். நாங்கள் வீட்டில் கேட்டதை எல்லாம் பார்த்ததாகச் சொல்லுவோம். பாம்பு பால் குடிக்கும், பல்லி கத்தினால் விருந்து வரும் என்று ஒவ்வொன்றாக வரும். சீனியம்மாள் பிரம்பை எடுக்கிற சட்டாம்பிள்ளை இல்லை. அருகில் வந்து, "பாத்தியா?" என்று மட்டும் கேட்பாள். இல்லை என்றால், "அப்ப பாத்துட்டுச் சொல்லு" என்பாள். ஓணான் தலையை ஆட்டுவது நம்மைப் பழித்துக் காட்டத்தான் என்று நான் முணுமுணுத்தபோது எனக்கும் அதுதான் கிடைத்தது. வேலியோரம் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். யாருமே அருகில் இல்லாதபோதும் அது தலையை ஆட்டியது. இன்னொரு ஓணான் வந்தால் மட்டும் அதிகமாக ஆட்டியது. அதைச் சொன்னபோது அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அவளே ஓணானைப் பெற்றவள் போல இருந்தாள்.

மலையடிவாரத்துக்கு எங்களைக் கூட்டிப்போக வேண்டும் என்று டீச்சரம்மா ஆசைப்பட்டார். ஒரு வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை. பெண் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போக இது என்ன பள்ளிக்கூடம் என்று கேட்டார்கள். சீனியம்மாள் அன்று மாலையே வீடு வீடாகக் கிளம்பினாள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "வெறகுக்கு அனுப்புறீக, பாடத்துக்கு அனுப்ப மாட்டீகளா அத்தை?" என்றாள். விறகு வீட்டுக்கு வரும், பாடம் வருமா என்று கேட்டார் என் அம்மா. "ரெண்டும் வரும். ஆளுக்கொரு கட்டு இல்லாமக் கூட்டியார மாட்டேன்" என்றாள். அம்மா மறுபடியும் முடியாது என்றார். அவள் போகவில்லை. அம்மா அடுப்பை மூட்டினார், உலை வைத்தார், திரும்பிப் பார்த்தால் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விறகுக்குப் போகிற பெண்கள் துணைக்கு வர, அரிவாளும் கயிறுமாக எங்கள் வகுப்பு அடுத்த வாரம் மலையடிவாரத்துக்குப் போனது.

அன்று ஓடைக்கரைச் சேற்றில் ஒரு தடத்தைக் கண்டோம். முறத்தளவு வட்டம், உள்ளே தண்ணீர் ஊறி நின்றது. டீச்சரம்மா உற்சாகத்தில் அந்த மிருகத்தின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டார். உடன் வந்த பெண்கள் சட்டென்று விலகிப்போனார்கள். ஒருத்தி தரையில் துப்பினாள். டீச்சரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியூரில் இருந்து வந்தவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும்: வீட்டு ஆண்கள் ஏலக்காய் எடுப்புக்கு மலையில் இருக்கிற மாதங்களில், கீழே வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பெரியவர் என்பார்கள், அல்லது கையைத் தூக்கிக் காட்டுவார்கள். பெயரைச் சொன்னால் அது கூப்பிட்டதாகிவிடும், கூப்பிட்டால் வந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த மாதம் எங்கள் வகுப்பில் அப்பா மலையில் இல்லாத பிள்ளை ஒருத்திகூட இல்லை. சீனியம்மாள் இதை டீச்சரம்மாவின் காதில் சொன்னாள். பிறகு விறகுக் கயிற்றை அவிழ்த்து, தடத்தைச் சுற்றி அளவெடுத்து முடிச்சுப் போட்டாள். அதைப் போல இரண்டு பங்குதான் பெரியவரின் உயரம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தாராம். பள்ளிக்கு வந்து அந்தக் கயிற்றளவை இரண்டு தடவை சுவரில் மேலே மேலே வைத்துப் பார்த்தோம். கூரை ஓட்டைத் தொட்டது. விறகுக்கட்டும் வீடு வந்து சேர்ந்தது.

மார்கழியில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தது. பெண்கள் வகுப்புகள் வீண் என்று ஊரில் சிலர் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டரும் அப்படி எழுதிவிட்டால் அடுத்த தவணைக்கு வகுப்பு இருக்காது என்று டீச்சரம்மா எங்களிடம் மறைக்காமல் சொன்னார். வகுப்பு போனால் தன்னைக் கிட்டங்கிக்கு அனுப்புவதாக அவள் அம்மா சொல்லிவிட்டதைச் சீனியம்மாள் என்னிடம் சொன்னாள். "அஞ்சாவது முடிக்காம நான் மொறத்தத் தொட மாட்டேன்" என்றாள். அப்படி ஒரு முடிவை ஒரு பெண் தானாக எடுக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். கடுமையான மனிதர் இல்லை, களைத்துப்போன மனிதர். தாய்மார்கள் வேடிக்கை பார்க்க ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். அந்த வாரம்தான் மேலே ஒரு தோட்டத்தில் காய் உலர்த்துகிற கொட்டகையைப் பெரியவர் பிரித்துப் போட்டதாகப் பேச்சு வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் மாட்டைப் பற்றிக் கேட்டார், சொன்னோம். குருவியைப் பற்றிக் கேட்டார், சொன்னோம். பிறகு படக்கட்டிலிருந்து பெரியவரின் படத்தை உருவினார். இது என்ன என்றார். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. முதல் வரிசையில் ஒவ்வொருத்தியாகக் கேட்டார். என்னிடமும் கேட்டார். நான் பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா ஏதோ சொல்ல வந்தார். பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஒரு தவணை முழுவதும் படித்து இதுகூடத் தெரியவில்லையா என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார்.

சீனியம்மாள் எழுந்தாள். "தெரியும் ஐயா. பேரு மட்டும் சொல்ல மாட்டோம்" என்றாள். ஏன் என்றார். "எங்க அப்பமாரெல்லாம் மலையில இருக்காக." அவர் கொஞ்சம் சிரித்தார். இங்கே சொன்னால் மலையில் கேட்குமா என்றார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஜன்னலுக்கு எட்டாத குரலில் சொன்னாள்: "மலைக்குக் கேக்குமோ என்னமோ, நான் பாத்ததில்ல. எங்க ஆத்தாமாருக்குக் கேக்கும். நாளைக்கு மலையில ஒருத்தருக்கு ஒண்ணுன்னா, பள்ளிக்கூடத்துல சொன்னதாலதான்னு சொல்லுவாக. அப்புறம் ஒரு பிள்ளையையும் அனுப்ப மாட்டாக."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் வேறு என்ன தெரியும் என்றார். அவள் சொன்னாள். சாணத்தில் மூங்கில் நாரும் முழு விதைகளும் கிடப்பதைச் சொன்னாள். சேற்றை மரத்தில் உரசிவிட்டுப் போன உயரத்தைச் சொன்னாள். ஓடையில் தண்ணீர் குடித்த இடத்தையும், பெரிய தடத்துக்குப் பக்கத்திலேயே போன சின்னத் தடத்தையும் சொன்னாள். ஒவ்வொன்றையும் சொல்லி, "இது பாத்தது" என்றாள். தடத்தை அளந்து உயரம் கண்டுபிடிப்பதைச் சொன்னபோது மட்டும், "இது எங்க அப்பு சொன்னது. பெரியவரப் பக்கத்துல நிப்பாட்டி நான் அளந்ததில்ல" என்றாள். இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் பெயர் விடையாக வேண்டும், இல்லாவிட்டால் என்னால் எழுத முடியாது என்றார்.

அப்போது அவள் என் தோளில் கை வைத்தாள். "இவ பேச மாட்டா ஐயா. எழுதுவா. எங்க வகுப்புலயே எழுத்து இவளுக்குத்தான் நல்லாருக்கும்" என்றாள். என்னிடம் குனிந்து, "எழுதுடி. வாயத் தொறக்க வேணாம்" என்றாள். சிலேட்டில் பெரிதாக எழுதினேன். யானை. (டீச்சரம்மா, இந்த ஒரு சொல்லை மட்டும் வாயால் படிக்க வேண்டாம்.) நான் எழுதியதைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் சிலேட்டில் எழுதித் தூக்கிப் பிடித்தார்கள். அந்த அறை முழுவதும் பெரியவர் நின்றார், ஒரு சத்தமும் இல்லாமல். ஜன்னலுக்கு வெளியே நின்ற தாய்மார்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. "என்னடி எழுதுனீக அம்புட்டுப் பேரும்?" என்று கேட்டார் சீனியம்மாளின் அம்மா. வகுப்பு நடந்தது. அடுத்த தவணையும் நடந்தது.

எழுதியது என்னவென்று தாய்மார்களுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது; எங்கள் வகுப்பில் ரகசியம் அவ்வளவு நேரம்தான் நிற்கும். சீனியம்மாள் தானே முன்னால் போய்ச் சொன்னாள். யாரும் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி என்றாள். அவர்கள் கூடிப் பேசி, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாச் சிலேட்டுகளையும் மஞ்சள் தண்ணீரில் கழுவிக் காயவைத்தார்கள். வெகு நாட்களுக்குக் கணக்குப் போட்டாலும் எழுத்துப் போட்டாலும் மஞ்சள் வாடைதான் அடித்தது. தைப்பொங்கலுக்கு அப்பாக்கள் எல்லோரும் இறங்கி வந்தார்கள். தன் புருஷன் வாசலில் வந்து மாட்டைக் கட்டும்வரை சீனியம்மாளின் அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது. தம்பி பிறந்தான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சீனியம்மாள் வந்து வாசலில் நின்றாள். இந்த முறை அம்மா சிரிக்கவில்லை, அழுதார். அதைப் பார்த்து அவள் திரும்பிப் போனாள். கேட்டது கிடைக்காமல் அவள் திரும்பிப் போனதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு எப்போதாவது மாலையில் வருவாள். இலையில் மடித்து ஒரு வண்டைக் கொண்டுவந்து, "இதுக்கு என்ன பேருன்னு டீச்சரம்மாவுக்கே தெரியல" என்று காட்டிவிட்டுப் போவாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பார்ப்பேன்.

சொன்னபடி ஐந்தாவது முடித்தாள். டீச்சரம்மா அவளைச் சின்ன வகுப்புக்கு வைத்துக்கொண்டார். இந்த வருஷம் மழை தொடங்கியதும் சின்ன வகுப்பில் சில பிள்ளைகள் வரவில்லை. காய் எடுப்புக்குப் பெற்றோரோடு குரங்கணிப் பக்கம் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. மழைக்காலத்தில் அங்கே காய்ச்சல் என்று எல்லோரும் அவளைத் தடுத்தார்கள். அவள் போனாள். பிள்ளைகளைப் பெரியம்மா வீட்டிலோ சித்தி வீட்டிலோ ஊரில் விட்டுவிட்டு எடுப்புக்குப் போங்கள் என்று ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டாள். அந்தப் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். அவளைக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது.

தாய்மார்களே, இப்போது ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. நான் கிட்டங்கியில் அதைக் கேட்டேன். அன்று பள்ளியில் பெரியவர் பெயரை எழுதவைத்தாள், அதுதான் இத்தனை வருஷம் கழித்து மலையடிவாரத்தில் வைத்து அவளைக் கொண்டுபோனது என்கிறார்கள். அதனால் பிள்ளைகளைச் சிலர் நிறுத்திவிட்டீர்கள். சின்ன வகுப்பில் பாய்கள் காலியாக இருக்கின்றன. வகுப்பை மூடிவிடலாம் என்று மறுபடியும் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். அன்று அவள் சிலேட்டைக் கையில் எடுக்கவே இல்லை. எழுதியது நான். எனக்குப் பின்னால் எழுதியவர்கள் எல்லோரும் இங்கே உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் கையில் குழந்தையோடு. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளைக் கொண்டுபோனது காய்ச்சல். அவள் அந்தக் காய்ச்சலுக்குள் போனது உங்கள் பிள்ளைகளுக்காக. இது நான் பார்த்தது.

புது ஆள் வரும்வரை சின்ன வகுப்பில் வந்து உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக டீச்சரம்மாவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் தெரியாது என்றேன். அவர்களுக்கு அதற்குக் கீழேதானே வேண்டும் என்றார். அம்மாவும் சரி என்றார். ஆனால் பிள்ளைகள் வேண்டுமே.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று இந்தச் சில நாட்களாக யோசித்தேன். அவளுடைய பேச்சு எனக்கு வராது. தைரியம் வருமா என்று தெரியவில்லை. முடியாது என்று சொன்ன வாசலில் நிற்பது மட்டும் எனக்கும் முடியும். நேற்று ஒரு வீட்டுக்குப் போனேன். யார் வீடு என்று எழுதவில்லை. அவர்களும் இதைக் கேட்டுக்கொண்டு இங்கே இருக்கலாம். என்ன வேணும் என்று கேட்டார்கள். பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். அனுப்ப முடியாது, சோலி கிடக்கு, நீ போத்தா என்றார்கள். நான் போகவில்லை, நின்றேன். அவர்கள் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்கள், முற்றம் பெருக்கினார்கள், நான் நின்ற இடத்தைச் சுற்றிப் பெருக்கினார்கள். அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இருட்டத் தொடங்கியபோது, "நாளைக்குப் பாப்பம்" என்றார்கள்.

நாளைக்கும் வர்றேன் அத்தை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.